ஒட்டாத இருவரைக் கதையில் நண்பர்களாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

புதிதாகச் சிறுகதை எழுதுபவர்களின் கைப்பிரதிகளைப் படித்துக் குறிப்பு எழுதிக் கொடுப்பது என் வேலை. அதில் திரும்பத் திரும்ப வரும் கரு ஒன்று உண்டு. வயதோ, தொழிலோ, குணமோ எதுவும் ஒத்துப்போகாத இரண்டு பேர், அவர்களுக்குள் ஒரு நட்பு, கடைசியில் ஒருவருக்காக மற்றவர் எதையோ இழப்பது. கரு நல்லதுதான். ஆனாலும் பெரும்பாலான கதைகள் மூன்றாவது பக்கத்திலேயே படுத்துவிடுகின்றன. எழுதுபவர் சந்திப்பில் தொடங்குகிறார், பாசத்தை வளர்க்கிறார், தியாகத்தில் முடிக்கிறார். படிப்பவருக்கோ முதல் பக்கத்திலேயே கடைசிப் பக்கம் தெரிந்துவிடுகிறது.

கீழே உள்ள வரிசை தலைகீழானது. பிரிவதற்கான காரணத்தில் தொடங்கி, முதல் சந்திப்பைக் கடைசியில் எழுத வைக்கும். 2000 முதல் 4000 சொல் வரையிலான சிறுகதையை மனதில் வைத்துச் சொல்கிறேன். நாவலுக்கும் இதே வரிசை பொருந்தும், சுற்று மட்டும் கூடும்.

விளக்க வசதிக்காக ஒரு கதையைக் கூடவே கட்டிக்கொண்டு போவோம். ஒரு சிற்றூர் சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசல். கோவிந்தசாமி, 63 வயது, உரிமம் பெற்ற ஆவண எழுத்தர். பக்கத்துக் கடையில் ஜெராக்ஸும் டிடிபியும் (கணினித் தட்டச்சு) போடும் ரெஜினா, 26 வயது. அவள் கடை வந்த பிறகு இவருடைய மேசைக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது. நட்புக்கு வாய்ப்பே இல்லாத இடம், நமக்கு வேண்டியதும் அதுதான். ஒப்பிட்டுப் பார்க்க, எல்லோருக்கும் தெரிந்த கர்ணன், துரியோதனன் கதையையும் பக்கத்தில் வைத்துக்கொள்வோம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தொழிலைப் பற்றிய கைப்பழக்கமான விவரம். இரண்டு பாத்திரங்களில் ஒருவருடைய வேலையாவது உங்களுக்கு உள்ளே வரை தெரிந்திருக்க வேண்டும். உதவி என்பது வேலைக்குள்தான் நடக்கும். வேலை தெரியாமல் எழுதினால் உதவி எப்போதும் பணமாகவோ ரத்ததானமாகவோதான் வரும். எழுத்துப் பட்டறைக் கதைகளில் இவ்வளவு ரத்தம் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

யார் கண் வழியாகச் சொல்வது என்ற முடிவு. விசுவாசத்தைப் பெறுகிறவர் கண் வழியாகச் சொன்னால் கதை கனக்கும். கொடுப்பவரே சொன்னால் தற்பெருமை வாடை அடிக்கும். எங்கள் கதையை ரெஜினா கண் வழியாகச் சொல்கிறோம்.

ஒரு தாளில் இரண்டு பத்திகள், ஆளுக்கொன்று. அதில் எழுத வேண்டியது இப்போதைக்கு எதுவும் இல்லை, வெறுமையாக இருக்கட்டும்.

1. பிரியும் காரணத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

இவர்கள் ஏன் பிரிய வேண்டும்? நியாயமான, யாரும் குறை சொல்ல முடியாத ஒரு காரணம் வேண்டும். விட்டுப் போனாலும் ஊர் ஒன்றும் சொல்லாது என்கிற நிலையில் ஒருவர் போகாமல் நின்றால்தான் அது விசுவாசமாகத் தெரியும். போக வழியே இல்லாதவர் நிற்பதில் என்ன இருக்கிறது?

கர்ணனைப் பாருங்கள். போருக்கு முன் கிருஷ்ணன் அவனிடம் வந்து, நீ குந்தியின் மூத்த மகன், பாண்டவர் பக்கம் வந்தால் அரசு உனக்கே என்கிறான். பிறகு குந்தியே வந்து கேட்கிறாள். அது பொய்யும் அல்ல, சூழ்ச்சி மட்டும் அல்ல. அவன் உண்மையிலேயே அந்த வீட்டுப் பிள்ளை. ஆயுள் முழுதும் அவன் ஏங்கிய பதில் அது. போயிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? அதனால்தான் அவன் போகாதது இன்றுவரை நிற்கிறது.

எங்கள் கதையில் என்ன? ஒரு கிரையப் பத்திரத்தில் நான்கெல்லை, அதாவது மனையின் நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்ற விவரம், தப்பாக விழுந்துவிடுகிறது. தட்டச்சு செய்தது ரெஜினா. கையெழுத்தும் உரிம எண்ணும் கோவிந்தசாமியுடையவை. மனை வாங்கியவர் கடனுக்காக வங்கிக்குப் போகிறார், வங்கி வக்கீல் பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறார். வாங்கியவர் கொதித்துப்போய் வருகிறார். 'அந்தப் பொண்ணு தட்டின தப்புன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. உங்க மேல புகார் போடல' என்கிறார். கோவிந்தசாமி எழுதிக் கொடுத்தால் அவருடைய உரிமம் தப்பிக்கும். தவிர, அது உண்மையும்கூட.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, பிரிக்க வருபவரை வில்லனாக்கிவிடுவது. மீசையை முறுக்கிக்கொண்டு ஒருவர் வந்து 'அவனை விட்டுட்டு வா' என்றால் மறுப்பது சுலபம். மனை வாங்கியவருக்கு நியாயம் இருக்கட்டும். அவர் கடன் கிடைக்காமல் தவிப்பவர், அவ்வளவுதான்.

2. ஆளுக்கு ஒரு குறை, அது மற்றவர் கையில்

இப்போது அந்த இரண்டு பத்திகள். கோவிந்தசாமி பத்தியில்: பத்திர வாசகம் எல்லாம் தலைகீழ்ப் பாடம், சட்டச் சிக்கல் தெரியும், உரிமம் உண்டு, ஆனால் கண்ணில் புரை, கணினி தெரியாது. ரெஜினா பத்தியில்: வேகம், கணினி, வாடிக்கையாளர், உரிமம் கிடையாது, பழைய பத்திரங்களின் மொழி புரியாது.

இரண்டு பத்தியையும் பக்கத்தில் வைத்தால் ஒருவருடைய ஓட்டையை மற்றவர் அடைப்பது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பாத்திரத்தை மாற்றுங்கள். எழுதிப் பார்த்தால் சரியாகிவிடும் என்று முன்னே போகாதீர்கள், ஆகாது.

குறை, குணத்தில் மட்டும் இருக்கக் கூடாது. 'இவர் கோபக்காரர், அவள் பொறுமைசாலி' என்ற பட்டியலிலிருந்து காட்சி பிறக்காது. 'இவருக்குப் பொடி எழுத்து தெரியாது' என்பதிலிருந்து பிறக்கும்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. நம் கதைகளில் நீண்ட காலமாக ஒரு பாத்திரம் உண்டு: முதலாளிக்காக உயிரைக் கொடுக்கும் வேலைக்காரர். அவருக்கென்று ஒரு வீடு, ஒரு ஆசை, ஒரு கோபம் எதுவும் இருக்காது. பொருந்தாத நட்பு என்று எழுதத் தொடங்குபவர்கள் தெரியாமலே அந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள். மேலே இருப்பவர் கருணை காட்டுவார், கீழே இருப்பவர் நன்றி காட்டுவார். அது அடிமைத்தனத்துக்கு நட்பு என்று பேர் வைப்பது. இதைச் சோதிக்க ஒரு வழி: இருவரில் வலு குறைந்தவர் கதையில் ஒரு தடவையாவது 'முடியாது' என்று சொல்கிறாரா? சொன்ன பிறகும் உறவு நிற்கிறதா? எங்கள் கதையில் ரெஜினா ஒரு நாள், 'இந்தப் பத்திரத்தை நான் அடிக்க மாட்டேன் ஐயா. அந்த அம்மாவுக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. வாரிசுல ஒண்ணுதான் காட்டியிருக்காங்க' என்கிறாள். அவர் அன்று பூராவும் பேசவில்லை. மறுநாள் அந்தக் கட்சிக்காரரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

3. தினமும் முகம் பார்த்தே ஆக வேண்டிய இடம்

ரயிலில் சந்தித்தார்கள், மழைக்கு ஒதுங்கியபோது சந்தித்தார்கள் என்பதெல்லாம் ஒரு நாள் உறவுக்குப் போதும். பிடிக்காதவர்கள் நண்பர்களாக வேண்டும் என்றால், பிடிக்காவிட்டாலும் நாளைக்கும் வந்தே ஆக வேண்டிய இடம் வேண்டும். ஒரே புளியமரத்து நிழல், ஒரே மின்மீட்டர், ஒரே டீக்கடைக் கணக்கு.

இடத்தை முடிவு செய்ததும் அங்கே இருவருக்கும் பொதுவான ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். எங்களுக்கு அது பத்திரத்தின் கடைசிப் பக்கம். அங்கே 'ஆவணம் தயாரித்தவர்' என்ற வரிக்குக் கீழே அவர் பெயரும் உரிம எண்ணும் வரும். ரெஜினா பெயர் எங்கும் வராது. சண்டையும் நட்பும் இந்த ஒரு வரியைச் சுற்றியே நடக்கட்டும். தனித்தனிப் பொருள்களைத் தேடிக்கொண்டு போக வேண்டாம்.

4. முதல் உதவியில் கொஞ்சம் சுயநலம் இருக்கட்டும்

அன்பினால் பிறந்த முதல் உதவியை யாரும் நம்புவதில்லை. ஏன் இவர் இவ்வளவு நல்லவர் என்று படிப்பவர் சந்தேகப்படுவார்.

அரங்கேற்றக் களத்தில் கர்ணனுடைய குலத்தைக் கிருபர் கேட்கிறார். அவன் தலை குனிகிறான். அங்கேயே, அந்த நிமிடமே, துரியோதனன் அவனை அங்க நாட்டு அரசனாக்குகிறான். இதற்கு ஈடாக நான் என்ன தருவது என்று கர்ணன் கேட்க, உன் நட்பு போதும் என்கிறான். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அருச்சுனனுக்கு நிகரான வில்லாளி ஒருவன் துரியோதனனுக்குத் தேவைப்பட்டான் என்பதும் அதே களத்தில்தான் இருக்கிறது. இரண்டும் உண்மை. இரண்டும் ஒரே செயலில் இருப்பதால்தான் அந்தக் காட்சி தேயவில்லை.

கோவிந்தசாமி முதல் நாள் ரெஜினாவுக்காகக் கையெழுத்துப் போட்டது இரக்கத்தில் அல்ல. அன்றைக்கு அவர் மேசைக்கு ஒருவரும் வரவில்லை. அவள் கடையில் நாலு பேர் உரிமம் உள்ளவருடைய கையெழுத்துக்காக நிற்கிறார்கள். 'ஒரு பத்திரத்துக்கு எனக்கு இவ்வளவு' என்று பேரம் பேசித்தான் பேனாவைத் திறக்கிறார். அவளும் அந்தத் தொகையைக் குறைக்கப் பார்க்கிறாள்.

5. கைம்மாறு வேறு உருவத்தில், தாமதமாக

அவர் ஒரு உதவி செய்தார், அடுத்த பக்கத்தில் அவள் ஒரு உதவி செய்தாள். இது மொய் எழுதுவது மாதிரி ஆகிவிடும். அப்படி எழுதிய கதைகளைப் படிக்கும்போது கணக்குப் புத்தகம் திறந்த மாதிரியே இருக்கும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழி. ஒன்று, கைம்மாறு வேறு உருவத்தில் வரட்டும். அவர் தருவது கையெழுத்து, அதாவது பெயர். அவள் தருவது கண். இரண்டுக்கும் பொதுவான விலை கிடையாது, யார் அதிகம் கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்க்க முடியாது. இரண்டாவது, நடுவில் நாள் கழியட்டும். அந்த இடைவெளியில் ஒருவர் கடன்பட்டவராக இருக்கிறார். கடன்பட்டவருக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சலை எழுதுங்கள். நன்றியைவிட எரிச்சல் நம்பும்படி இருக்கும்.

6. கேட்காமல் விடும் காட்சி

கதையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நட்பை நிறுவப் பெரிய செயல் தேவையில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை ஒருவர் கேட்காமல் விட்டால் போதும். வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய பாரதத்தில் வருவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தனியிடத்தில் துரியோதனனுடைய மனைவியின் மேகலை (இடுப்பு அணி) அறுந்து மணிகள் சிதறிக் கிடக்கின்றன, பக்கத்தில் கர்ணன். அப்போது வந்த துரியோதனன் கேட்டது 'எடுக்கவோ கோக்கவோ' என்பதுதான். வியாசரிடம் இந்த நிகழ்ச்சி கிடையாது.

இதில் எழுதுபவர் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, துரியோதனன் 'உன்னை நம்புகிறேன்' என்று சொல்லவில்லை. கேட்டது ஒரு வேலையைப் பற்றி: மணியைப் பொறுக்கித் தரட்டுமா, கோத்துத் தரட்டுமா? கேட்காமல் விட்ட கேள்வி அந்த வேலைக்குப் பின்னால் மறைந்து நிற்கிறது. அதைக் காதில் வாங்குபவருக்குத்தான் அது உறைக்கும்.

இரண்டாவது, இந்த நிகழ்ச்சியை வைத்த இடம். நடந்த காலத்தில் அதை நமக்குக் காட்டுவதில்லை. குந்தி வந்து தம்பிகளோடு சேர்ந்துகொள் என்று கேட்கும்போது கர்ணன் வாயாலேயே அது வெளிவருகிறது. செஞ்சோற்றுக் கடன் கழிப்பதே எனக்குப் புகழும் தருமமும் என்ற முடிவுக்குக் காரணமாக நிற்கிறது. முன்னாலேயே சொல்லியிருந்தால் நல்ல நிகழ்ச்சி என்று கடந்து போயிருப்போம். விலை கேட்கப்படும் நேரத்தில் சொல்வதால் அதற்கு எடை கூடுகிறது.

எங்கள் கதைக்கு வருவோம். கோவிந்தசாமிக்குக் கண் தெரியவில்லை என்பதை ரெஜினா கண்டுபிடிக்கிறாள். எப்படி? தாளை முகத்துக்கு அருகில் கொண்டு போகாமல், விரலால் வரியைத் தடவிக்கொண்டே போகிறார். கையெழுத்து கோட்டுக்கு மேலே ஏறி விழுகிறது. அவள் கேட்க வேண்டியது, 'ஐயா, கண்ணு தெரியலையா?' அதைக் கேட்டால் அவருடைய தொழில் போயிற்று. அவள் சொல்வது இவ்வளவுதான்:

'ஐயா, நான் அடிச்சதுல எனக்கே நம்பிக்கை இல்ல. சத்தமா படிக்கிறேன். தப்பு வந்தா நிறுத்துங்க.'

அன்றிலிருந்து எந்தப் பத்திரமும் படிக்கப்படாமல் கையெழுத்தாவதில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். 'வடக்கு எல்லையில என்ன சொன்னே? திரும்பப் படி' என்பார். கடைக்கு வருபவர்கள் அவளுக்கு அவர் தொழில் சொல்லித் தருவதாக நினைப்பார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

இந்தக் காட்சியில் விளக்கம் சேர்க்காதீர்கள். 'அவருடைய மானம் காக்க அவள் அப்படிச் சொன்னாள்' என்று ஒரு வரி எழுதினால் அதோடு காட்சி முடிந்தது. அந்த வரியை எழுதக் கை பரபரக்கும். கட்டிப்போடுங்கள்.

7. நடுவில் ஒருவர் மற்றவரைக் கைவிட வேண்டும்

அதிகம் பேர் தவறவிடும் படி இது. ஒரு தடவையும் தவறாத விசுவாசம் காகிதத்தில் செத்துக் கிடக்கும்.

கர்ணன் தவறியவன். பீஷ்மர் படைத்தலைவராக இருக்கும்வரை ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று வீம்பு பிடித்து, போரின் முதல் 10 நாளும் ஒதுங்கியே நின்றான். நண்பனுக்காக உயிர் தருவேன் என்றவனுடைய தன்மானம் நண்பனுக்கு 10 நாளைச் செலவாக்கியது. குந்தியிடமும் ஒரு வாக்குக் கொடுக்கிறான்: அருச்சுனன் தவிர மற்ற நால்வரைக் கொல்ல மாட்டேன், எப்படியும் உனக்கு ஐந்து பிள்ளைகள் மிஞ்சுவார்கள். அதுவும் துரியோதனன் கணக்கில் ஒரு நஷ்டம்தான். இப்படிக் கிழிசல் இருப்பதால் அவன் சிலையாகாமல் மனிதனாக இருக்கிறான்.

கைவிடுதல் சிறியதாக இருக்கட்டும், ஆனால் முதல் படியில் முடிவு செய்த பிரிவுச் சோதனைக்குக் காரணமாகட்டும். ரெஜினாவுக்கு ஊரில் இன்னொரு ஆவண எழுத்தர், பெரிய அலுவலகம் வைத்திருப்பவர், வேலை தருவதாகச் சொல்கிறார். மாதச் சம்பளம், ஏசி அறை. அவரைப் பார்க்க மதியம் போக வேண்டும். அவசரம். அன்றைக்கு ஒரு பத்திரத்தை மட்டும் அவள் படித்துக் காட்டவில்லை. 'சரியா இருக்கு ஐயா, போடுங்க' என்கிறாள். அவர் போடுகிறார்.

என்ன தப்பு விழுந்தது என்பதில் தொழில் விவரம் வேண்டும். பழைய பத்திரங்களில் எல்லையை 'வேலு மனைக்கு மேற்கு' என்று எழுதுவார்கள். வேலு மனைக்கு மேற்கே நம் மனை இருக்கிறது என்று பொருள். அதாவது வேலு நமக்குக் கிழக்கே. இப்போது எழுதும் முறையில் 'கிழக்கில்: வேலு மனை' என்று வரும். மூலப்பத்திரத்தைப் பார்த்துப் புது முறையில் மாற்றி அடிக்கும்போது 'மேற்கு' என்ற சொல்லைப் பார்த்து 'மேற்கில்: வேலு மனை' என்று போட்டுவிட்டாள். கிழக்கும் மேற்கும் இடம் மாறிவிட்டன. சத்தமாகப் படித்திருந்தால் முதல் வரியிலேயே அவர் நிறுத்தியிருப்பார்.

'ஏதோ ஒரு தவறு நடந்துவிட்டது' என்று எழுதினால் படிப்பவர் ரெஜினாவை மன்னித்துவிடுவார். தவறு இவ்வளவு சின்னது, இவ்வளவு தடுத்திருக்கக்கூடியது என்று தெரியும்போதுதான் அவளோடு சேர்ந்து வயிறு கலங்கும்.

8. சோதனைக் காட்சியை முதலில் எழுதுங்கள்

திட்டம் முடிந்தது, இனி எழுத்து. உட்கார்ந்ததும் முதலில் எழுத வேண்டியது இந்தக் காட்சி. இது சரியாக வந்தால், முன்னால் என்னென்ன விதைக்க வேண்டும் என்று இதுவே சொல்லிவிடும். எங்கள் கதையில் இப்படி வருகிறது:

மனை வாங்கியவர் பத்திரத்தை மேசையில் போட்டார். 'வங்கியில மூஞ்சில அடிக்காத குறை. கிழக்கு எது மேற்கு எதுன்னு தெரியாதவங்ககிட்ட எல்லாம் பத்திரம் எழுதக் கொடுத்தா இப்படித்தான்.'

ரெஜினா எழுந்து நின்றாள். கோவிந்தசாமி அவள் பக்கம் திரும்பவில்லை.

'நீங்க பெரியவரு. உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. இந்தப் பொண்ணு தட்டின தப்புன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. மாவட்டப் பதிவாளர்கிட்ட நான் அதை வெச்சுப் பேசிக்கிறேன்.'

கோவிந்தசாமி பத்திரத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் தடவிப் பார்த்துப் பிரித்து, அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

'தயாரித்தவர்னு இருக்கே, அதுக்குக் கீழே யாரு பேரு தம்பி?'

'உங்க பேருதான். ஆனா...'

'அப்ப எழுதினது நான்தான். பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுடலாம். செலவு என்னோடது. வித்தவரைக் கூட்டிட்டு வரணும், அதான் கஷ்டம்.'

'அவரு இப்பத் திருச்சியில மகன் வீட்டுல இருக்காரு. மறுபடி கையெழுத்துன்னா காசு கேப்பாரு.'

'நான் போய்க் கூட்டிட்டு வரேன்' என்றாள் ரெஜினா.

'உன்னை யாரும் கேக்கல. உக்காரு.'

கவனிக்க வேண்டியவை. அவர் பொய் சொல்லவில்லை; தாளில் உள்ளதைப் படிக்கச் சொல்கிறார். மூன்றாவது படியில் தேர்ந்தெடுத்த பொருள் இங்கே வேலை செய்கிறது. அவளைப் பாதுகாக்கும் அதே மூச்சில் அவள் மேல் எரிந்து விழுகிறார். கோபம் இல்லை என்று காட்டியிருந்தால் அவர் மகான் ஆகிவிடுவார், மகானோடு யாருக்கு நட்பு வரும்?

இன்னொன்று. அன்றைக்கு அவள் எங்கே போனாள் என்று அவருக்குத் தெரியுமா? சின்ன ஊர், தெரிந்திருக்கும். அதை அவர் கேட்காமல் விடுகிறார். ஆறாம் படியில் அவள் கேட்காமல் விட்டதற்கு இங்கே பதில் வந்துவிட்டது, ஆனால் கைம்மாறு என்று யாருக்கும் தோன்றாது.

9. அழைக்கும் முறையைக் கடைசிவரை மாற்றாதீர்கள்

நெருக்கம் வந்துவிட்டது என்று காட்ட, 'ஐயா' என்று அழைத்தவளைத் திடீரென்று 'அப்பா' என்று அழைக்க வைப்பார்கள். வேண்டாம். அது நட்பை எடுத்துக் குடும்பத்துக்குள் போட்டுப் பூட்டிவிடும். நண்பராக இருப்பது போதாது, சொந்தமாக்கினால்தான் மதிப்பு என்று நாமே சொல்வதாகிவிடும்.

ரெஜினாவுக்கு அவர் முதலிலும் 'ரைட்டர் ஐயா', கடைசியிலும் 'ரைட்டர் ஐயா'. அவர் அவளை 'ஏம்மா' என்பார், கோபத்தில் 'ஏ பொண்ணு'. மாற வேண்டியது அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருவது. தொடக்கத்தில் 'ஐயா, கையெழுத்து' என்று தாளை நீட்டுகிறவள், பிறகு 'ஐயா, சாப்டாச்சா? இதுல ஒரு கையெழுத்து' என்கிறாள். அவ்வளவு போதும்.

'நீங்க இல்லன்னா நான் இல்ல' வகை வசனம் எழுதியிருந்தால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் வேலை பற்றிய ஒரு வாக்கியம் வையுங்கள்.

10. இப்போது முதல் சந்திப்பை எழுதுங்கள்

சோதனையில் எது உடைய வேண்டுமோ அதற்கு நேர் எதிரானதைச் சந்திப்பில் வையுங்கள். சோதனையில் அவர் தன் பெயரைக் காட்டி அவளைக் காப்பாற்றுகிறார் என்றால், சந்திப்பில் அதே பெயரை அவளிடமிருந்து காப்பாற்றிக்கொள்கிறார்: 'கண்டவங்க தட்டினதுல எல்லாம் என் பேரு வராது.' இதை முன்கூட்டியே எழுதியிருந்தால் இந்த வசனம் உங்களுக்குக் கிடைத்திருக்காது. வரிசையைத் தலைகீழாக்கியதன் பலன் இதுதான்.

சந்திப்பு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

11. முடிவில் இருவரில் ஒருவர் இன்னும் கடன்பட்டவராக இருக்கட்டும்

கணக்கு நேராகிவிட்டால் நட்பும் முடிந்துவிடும். மன்னிப்புக் கேட்டு, கண்ணீர் விட்டு, கட்டிப்பிடித்து முடிப்பதில் உள்ள குறை இது. எல்லாம் தீர்ந்துபோய், நாளைக்கு இவர்கள் சந்திக்கக் காரணம் இல்லாமல் போகிறது.

ரெஜினா திருச்சிக்குப் போய் விற்றவரை அழைத்து வருகிறாள். பிழைத்திருத்தல் பத்திரம் அவளேதான் அடிக்கிறாள். அடித்ததைச் சத்தமாகப் படிக்கிறாள். அவர் நிறுத்துகிறார்: 'மூலப்பத்திர நம்பர் விட்டுட்டே.' ஏசி அலுவலக வேலை என்ன ஆயிற்று என்று கதை சொல்லவில்லை. அவருடைய கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்களா என்றும் சொல்லவில்லை. அதைச் சேர்க்கச் சொல்லி நண்பர்கள் கேட்பார்கள். சேர்த்தால் அவருக்கு அவள் தேவையில்லாமல் போய்விடுவாள்.

ஒருவரைச் சாகடித்து முடிப்பது பற்றி ஒரு வார்த்தை: சாவு வந்தால் விசுவாசத்தின் விலையை நீங்கள் கணக்கிட வேண்டியதில்லை, அதனால்தான் கை அங்கே ஓடுகிறது. உயிரோடு விட்டு, மறுநாள் காலை கடை திறக்க வைத்துப் பாருங்கள்.

12. திருத்தும்போது

கதையில் நட்பு, விசுவாசம், நம்பிக்கை, பாசம் என்ற சொற்களைத் தேடுங்கள். ஆசிரியர் குரலில் வந்திருந்தால் எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு புரியவில்லை என்றால் ஆறாம் படிக் காட்சி பலவீனம். சொல்லைத் திரும்ப வைக்காமல் காட்சியைச் சரிசெய்யுங்கள்.

இருவருடைய பெயரையும் மாற்றிப் போட்டுப் படியுங்கள். வசனம் இருவர் வாயிலும் பொருந்தினால் நீங்கள் ஒரே ஆளைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

பிரிக்க வந்தவருடைய பக்கத்தை மட்டும் தனியாகப் படித்து, அவர் சொல்வது நியாயம்தானே என்று தோன்றுகிறதா பாருங்கள். தோன்றவில்லை என்றால் முதல் படிக்குத் திரும்பிப் போக வேண்டும். வேறு வழி இல்லை, அலங்காரத்தால் இதைச் சரிக்கட்ட முடியாது.

கடைசியாக, அந்தத் தொழிலில் உள்ள ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். 'கதை எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்பார், அதனால் பயன் இல்லை. 'எந்த இடத்துல நாங்க இப்படிச் செய்ய மாட்டோம்னு தோணுச்சு?' என்று கேளுங்கள். பத்திர எழுத்தர் ஒருவர் இந்தக் கதையைப் படித்தால், திருச்சி போன செலவை யார் கொடுத்தார்கள் என்றுதான் முதலில் கேட்பார். அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும், கதையில் இல்லாவிட்டாலும்.